சயாம் ரயிலில் மாண்டவன் யார் வீட்டுப் பிள்ளை?

தோழர்களே! ரயில்வேத் தொழிலாளியின் தியாகம் என்றதும் நமக்குப் பொன்மலை ஞாபகம் வரும். 1946 செப்டம்பர் 5-ல் அங்கே போலீஸ் குண்டுக்கு இரையான ஐந்து தோழர்களுக்கு ஆண்டுதோறும் கொடி ஏற்றி அஞ்சலி செலுத்துகிறோம். அதற்கு மூன்றே வருஷம் முன்னால், கடல் தாண்டி, சயாம் நாட்டுக் காட்டில் இன்னொரு ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் செத்து விழுந்தார்கள். அவர்களும் மண் வெட்டியவர்கள், கட்டை சுமந்தவர்கள், தண்டவாளம் போட்டவர்கள். அவர்களும் ரயில்வேத் தொழிலாளர்கள்தான். அவர்களுக்கு எந்த ஊரில் எந்தச் சங்கம் கொடி ஏற்றுகிறது?

அப்படிச் செத்த ஒரு தொழிலாளியின் வாழ்க்கையையும் அவன் குடும்ப வரலாற்றையும் இங்கே சொல்லப் போகிறோம். பெயர் என்னவென்று கேட்காதீர்கள். அவன் பெயரை ஒழுங்காக எழுதி வைத்த ஏடு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது. பொய்ப் பெயர் ஒன்றைச் சூட்டி, இல்லாத கண்ணீரை வரவழைக்கவும் நமக்கு மனமில்லை. அவனைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு எது பொதுவாக நடந்ததோ, அதை மட்டும் சொல்லுகிறோம்.

அவன் தகப்பனிடமிருந்து தொடங்க வேண்டும். தகப்பன் பிறந்தது திருச்சி ஜில்லாவாக இருக்கலாம். தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, ராமநாதபுரமாகவும் இருக்கலாம். சேரியில் பிறந்தவன், அல்லது பட்டா நிலம் கடனில் மூழ்கிப் போன குடியானவன். பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நின்று அலுத்துப் போனவன். ஒரு நாள் அதே ஊர்க்காரன் ஒருவன் வெள்ளை வேட்டியும் கையில் குடையுமாக மலேயாவிலிருந்து வந்து இறங்குகிறான். அவன்தான் கங்காணி. "காடு மேடெல்லாம் பால் மரம், அதிலே வழிவது வெள்ளிக் காசு" என்று அளக்கிறான். ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத் துரை அவனுக்குக் கொடுக்கிறான். அது நம்மவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் போயிருப்பான், இங்கே இருந்தது அப்படிப்பட்ட வாழ்வு.

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல். தட்டு வகுப்பில், ஆட்டு மந்தை போல், பினாங்குக்குப் பிரயாணம். நோய் பரவாமலிருக்க ஜெராஜா தீவிலே சில நாள் அடைப்பு. பிறகு தோட்டம். எழுதி ஒப்பந்தம் வாங்கும் முறையை 1910-லேயே மலேயாவில் ஒழித்துவிட்டதாகச் சர்க்கார் பெருமையடித்துக் கொண்டது. ஒப்பந்தச் சீட்டு போயிற்று, உண்மைதான். அந்த இடத்தில் கங்காணியின் கடன் வந்து உட்கார்ந்தது.

இவனுக்குத்தான் மகன் பிறக்கிறான், தோட்டத்து லயத்தில். நம் கதையின் நாயகன் அவன்தான். விடியுமுன் இருட்டில் பெரட்டுக்கு நிற்பது, மரம் மரமாக ஓடிப் பால் வெட்டுவது, வெயில் ஏறுமுன் வாளி சுமந்து பால் கொட்டகைக்கு வருவது என்று வளர்கிறான். தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கும்; எழுத்துக் கூட்டுவதற்குள் கையிலே கத்தி வந்துவிடும். ஆண் கூலி நாளுக்கு ஐம்பது காசு, பெண் கூலி நாற்பது. ரப்பர் விலை சரிந்தால் முதலில் சரிவது இந்தக் கூலி. 1930-க்குப் பிறகு வந்த மந்தத்தில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1938-ல் மறுபடியும் கூலியை வெட்டியபோது, ஆள் கட்டி அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்தியது. நம்மவன் அதற்குள் அந்த மண்ணுக்காரன் ஆகிவிட்டான். தாய்நாட்டுக்குத் திரும்ப அவனுக்குக் காணி நிலமும் இல்லை, கப்பல் சத்தமும் இல்லை.

இவன் வாய் பேசாத ஊமை என்று யாரும் எண்ண வேண்டாம். 1941-ல் சிலாங்கூரில் கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளி வேலை நிறுத்தம் செய்தான். என்ன கேட்டான்? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கள்ளுக்கடையை மூடு. எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். தஞ்சைப் பண்ணையாள் இதைப் படித்தால், இது நம் ஊர்க் கோரிக்கைதானே என்பான். வெள்ளை சர்க்கார் தலைவரைக் கைது செய்து நாடு கடத்தியது. பட்டாளத்தை விட்டுச் சுட்டுத் தொழிலாளர்களைக் கொன்றது. ஜப்பான்காரன் வந்து இறங்க அப்போது ஏழு மாதம்தான் இருந்தது. தோட்டத் தொழிலாளியைச் சுடத் துப்பாக்கி இருந்தது. அதே தொழிலாளியைக் காப்பாற்ற வேண்டிய வேளையில் அந்தத் துப்பாக்கி எங்கே போயிற்று? 1941 டிசம்பர் 8-ல் கோத்தபாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. ஓட முடிந்த துரைகள் ஓடினார்கள். முடியாதவர்கள் சிறைக்குப் போனார்கள். லயத்துக்காரன் லயத்திலேயே கிடந்தான்.

ரப்பரை வாங்க ஆள் இல்லை. அமெரிக்கச் சந்தையும் பிரிட்டிஷ் சந்தையும் அடைபட்ட பிறகு மரத்தில் பால் இருந்து என்ன? அரிசி மறைந்தது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று, சாக்கே துணியாயிற்று. ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டுக்குக் காகித மதிப்பும் இல்லாமல் போயிற்று. ஒரு கூட்டத்துக்கு முதலில் பட்டினியைக் கொடு, பிறகு வேலையைக் காட்டு, எங்கே கூப்பிட்டாலும் வருவான் என்பது எல்லா முதலாளிக்கும் தெரிந்த வித்தை. "ஆசியா ஆசியருக்கே" என்று முழங்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

இனி அந்த ரயில் பாதைக்கு வருவோம். பர்மாவிலிருந்த ஜப்பானியப் பட்டாளத்துக்கு உணவும் குண்டும் போக வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல் வழியில் நீர்மூழ்கிக் கப்பல்களின் தொல்லை. ஆகவே சயாமில் பான்போங் அருகிலிருந்து பர்மாவில் தான்பியுசாயாட் வரை, மூன்று பகோடா கணவாய் வழியாக, 415 கிலோ மீட்டர் பாதை. மலையும் காடும் மலேரியாவுமான அந்த வழியைப் பிரிட்டிஷார் முன்பே பார்த்து, கட்டுப்படியாகாது என்று விட்டிருந்தார்கள். ஜப்பானியர் 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். இன்றும் அதைப் பொறியியல் அதிசயம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்டவாளத்துக்குப் புது இரும்பு கூட வாங்கவில்லை. மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்துக் கொண்டு போய்ப் போட்டார்கள். எந்திரம் மிகக் கொஞ்சம். மண்வெட்டி, கூடை, உளி, சம்மட்டி, யானை, மனிதன். இவற்றில் யானைக்குத்தான் தீனி ஒழுங்காகக் கிடைத்திருக்கும்.

முதலில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகளை இறக்கினார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். அது போதவில்லை. 1943-ன் முற்பகுதியில் மலேயாத் தோட்டங்கள் பக்கம் பார்வை திரும்பியது. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்று பறைசாற்றினார்கள். சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் மற்றவர்கள் மறுத்தார்கள். பிறகு என்ன? தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு. கிராணியும் கங்காணியும் பட்டியல் போட்டார்கள். தங்களுக்கு வேண்டியவனை விட்டு, எதிர்த்துப் பேசியவனை முதலில் சேர்க்க வசதியான பட்டியல். லாரி வந்து நின்றது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவை அடைத்துப் பிடித்ததாக மீண்டு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒண்டியாக விட மனமில்லாமல் பெண்டு பிள்ளைகளும் கூடப் போன குடும்பங்கள் உண்டு.

அடைத்த சரக்கு வண்டியில் நாலைந்து நாள். வெயிலில் இரும்புச் சுவர் கொதிக்கும். பான்போங்கில் இறங்கியதும் நடை; இருபது முப்பது மைல் அல்ல, முகாமைப் பொறுத்து நூறு மைலுக்கும் மேலே, சேற்றில், காட்டில். போய்ச் சேர்ந்த இடத்தில் கூரை இல்லாத கொட்டகை. அரிசிக் கஞ்சி, உப்பு, காய்ந்த காய்கறி. காலையில் இருட்டில் கிளம்பி இரவில் திரும்புவது. முள்ளும் மூங்கிலும் கீறிய கீறல் அழுகி, எலும்பு தெரியும் புண்ணாகும். அந்த 1943 மழைக்காலத்தில்தான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று இரவு பகலாக விரட்டினார்கள். அந்த மழைக்காலத்தில்தான் காலராவும் வந்தது.

காலரா எல்லோருக்கும் வந்தது. ஆனால் எல்லோரும் ஒரே விகிதத்தில் சாகவில்லை. தொழிலாளி இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். யுத்தக் கைதிகளிடமும் மருந்து இல்லை, சோறு இல்லை. அடியும் உதையும் அவர்களுக்கும்தான். ஆனால் அவர்கள் ஒரு பட்டாளமாக வந்தவர்கள். கூடவே டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். கக்கூஸ் குழி எங்கே வெட்டுவது என்று ஒழுங்கு இருந்தது. செத்தவன் பெயரை, உயிருக்குத் துணிந்து, ஒளித்து வைத்த காகிதத்தில் குறித்தார்கள். தமிழனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு தோட்டத்து ஆட்களைக் கூடப் பிரித்துப் பல முகாம்களுக்கு அனுப்பினார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சேர்ந்து நிற்க அமைப்பு இல்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தான். பக்கத்தில் படுத்தவன் செத்தால் குழியில் தள்ளினான். மறுநாள் அவனையும் தள்ளினார்கள். நிலைமை முற்றிய பிறகு, 1943 நடுவில், சிங்கப்பூர்ச் சிறை முகாமிலிருந்து கைதி டாக்டர்களும் உதவியாளர்களுமாக முந்நூற்றுச் சொச்சம் பேரைக் கூலி முகாம்களுக்கென்று அனுப்பினார்கள். பல்லாயிரம் நோயாளிகளுக்கு முந்நூறு பேர்! அந்த வெள்ளைக் கைதிகள் தங்களால் ஆனதைச் செய்தார்கள்.

கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார். சுமார் பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம். ஆசியத் தொழிலாளிகளில், தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எல்லாம் சேர்த்து, எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம்! நடுவில் இருபதாயிரம் உயிர் "ஏறத்தாழ" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. மில்லிலே இருபது ஸ்பிண்டில் குறைந்தால் மானேஜர் விடுவானா? மலேயாவிலிருந்து கொண்டு போனவர்கள் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல். அதில் மிகப் பெரும் பகுதி தமிழர். நம்மவன் அந்த ஏறத்தாழவில் ஒருவன்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. யுத்தம் முடிந்த சில வாரங்களிலேயே பிரிட்டிஷ் பட்டாளத்தின் கல்லறைக் குழு ஒன்று பாதை நெடுகப் போய், கைதிகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. பெரும்பாலான உடல்களைப் பிறகு எடுத்துவந்து காஞ்சனபுரி, சுங்காய், தான்பியுசாயாட் என்ற மூன்று இடங்களில் வரிசையாக அடக்கம் செய்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெயர் தெரிந்தவனுக்கெல்லாம் பெயரும் படைப்பிரிவும் பொறித்த தகடு. வெட்டிய புல், பூச்செடி. அந்தக் கல்லறைகளின் மேல் நமக்குப் பொறாமை கிடையாது. அங்கே படுத்திருப்பவர்களில் நார்போக், சபோக் பக்கத்துப் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள் எத்தனையோ பேர். யாரோ தொடுத்த யுத்தத்துக்குக் காக்கிச் சட்டை மாட்டி அனுப்பப்பட்டவர்கள். நாம் கேட்பது வேறு. அதே பாதை ஓரத்தில், அதே முகாமுக்குப் பக்கத்தில், அதைப் போல ஆறேழு பங்கு பேர் புதைந்து கிடந்தார்களே, அவர்களைத் தேட யாருக்கும் உத்தரவு போடப்படவில்லையே, ஏன்? 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் குவியலாக வெளிவந்தன. அதுதான் நம்மவனின் கல்லறை.

பாதை என்ன ஆயிற்று? 1946 அக்டோபரில் சயாம் பகுதிப் பாதையைப் பிரிட்டிஷார் சயாம் சர்க்காருக்கு விற்றார்கள். விலை 12,50,000 பவுன். அந்தப் பணத்தை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? பாதை போடுவதற்காக ஜப்பானியர் பெயர்த்துக் கொண்டு போன சாமான்களுக்கு ஈடாக அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் காலனிகளுக்கும். இரும்புக்கு நஷ்ட ஈடு கிடைத்துவிட்டது, தோழர்களே! தண்டவாளத்தைக் கணக்கெடுத்தவர்கள் அதைச் சுமந்த தோளைக் கணக்கெடுக்கவில்லை.

ஜப்பானும் மலேசியாவும் 1967-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டரைக் கோடி வெள்ளிக்குச் சாமான். அதில் வந்தவை இரண்டு சரக்குக் கப்பல்கள். அத்தோடு யுத்தப் பாக்கி தீர்ந்தது என்றார்கள். லயத்து விதவைக்குக் கப்பலில் எந்தப் பலகை? 2000-ல் பிரிட்டன் தன் பழைய யுத்தக் கைதிகளுக்கு, இறந்தவர்களின் விதவைகளுக்கு, தலைக்குப் பத்தாயிரம் பவுன் கொடுத்தது. அவர்களும் ஐம்பத்தைந்து வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் பெற்றார்கள். நம்முடைய இந்திய சர்க்கார் என்ன செய்தது? 1952 ஜூன் 9-ல் ஜப்பானுடன் தனியாகச் சமாதான ஒப்பந்தம் எழுதியபோது, நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளைப் பெருந்தன்மையோடு விட்டுக் கொடுத்தது. சர்க்கார் சர்க்காருக்கு விட்டுக் கொடுக்கட்டும்; ஜப்பானிய மக்களின் மேல் நமக்கும் பகை இல்லை. ஆனால் செத்தவனின் கூலி பாக்கி அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சொந்தம். அதைத் தள்ளுபடி செய்ய டில்லிக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

குடும்பத்தின் கதையையும் முடித்துவிடுவோம். நம்மவன் போன பிறகு லயத்தில் மனைவி மட்டும். ஆண் கை இல்லாத வீடு. மூன்று மாதம் ஆறு மாதமாகி, ஆறு மாதம் இரண்டு வருஷமாகி, 1946-ல் மீண்டவர்கள் சிலர் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார்கள். அவர்களிடம் ஓடி ஓடி விசாரித்ததுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகார பூர்வமான தகவல். சாவுச் சான்று இல்லை. தாலியை எந்தத் தேதியில் கழற்றுவது என்பதற்குக் கூட ஆதாரம் இல்லாத விதவைகள் அவர்கள். துரை திரும்பி வந்தார், தோட்டம் திறந்தது, மறுபடியும் பெரட்டு. மகன் தலையெடுத்துச் சங்கத்தில் சேர்ந்தான். 1948-ல் அவசர நிலை என்று சொல்லிச் சங்கத்தையே உடைத்தார்கள். தஞ்சைச் சீமையில் பிறந்து மலேயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த தோழர் கணபதியை 1949 மே 4-ல் தூக்கிலிட்டார்கள். பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பலர் லயத்தை விட்டு வெளியே நின்றார்கள். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு இல்லை என்று பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்கே கப்பலேறினார்கள். பாட்டன் புறப்பட்ட துறைமுகத்தில் பேரன் வந்து இறங்கினான். ஊரிலே அவனுக்குப் பெயர் "மலேயாக்காரன்".

இந்த ரயிலைப் பற்றி 1957-ல் ஆங்கிலத்தில் ஒரு சினிமா வந்தது. ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கியது. படம் பிடித்தது இலங்கையில். பாலம் கட்டுகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரக் கைதிகள். தமிழ்த் தொழிலாளிக்கு அந்தக் கதையில் இடமில்லை. திறப்பு விழா அன்று ஓடிய நீராவி எஞ்சினைப் பளபளவென்று துடைத்து டோக்கியோவில் யாசுகுனி கோயில் காட்சிச் சாலையில் இன்றும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு நம்பர் கூட இருக்கிறது: சி-56, 31.

மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். அங்குள்ள தமிழர்கள் சிலர் சொந்த முயற்சியில் உயிரோடிருந்த முதியவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். 2023-ல் காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது வருஷம் கழித்தாவது வந்ததே என்று அதை வரவேற்கிறோம். ஆனால் நடுகல் என்றால் நம் முன்னோர் வழக்கப்படி அதில் வீரன் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர்கள் டோக்கியோவிலும் லண்டனிலும் உள்ள பழைய கட்டுகளில் எவ்வளவு கிடக்கிறதோ, அதைத் தேடி வாங்க வேண்டியது டில்லி, கோலாலம்பூர் சர்க்கார்களின் வேலை.

மீதி நம்மிடம் இருக்கிறது. தஞ்சை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்துத் தோழர்கள் தங்கள் தெருவிலே விசாரித்துப் பார்க்கட்டும். "எங்க பெரிய தாத்தா மலேயா போனாரு, யுத்தத்துல தகவல் இல்லாமப் போச்சு" என்று சொல்லும் வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டில் வயதான ஆத்தாவோ அப்பாயியோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். போனவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பலேறிய வருஷம், கூட்டிப் போன கங்காணி, தோட்டத்தின் பெயர், கடைசியாகக் கடிதமோ மணியார்டரோ வந்த காலம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பழைய கடித உறை இருந்தால் அதன் மேல் உள்ள தபால் முத்திரையைத் தேய்க்காமல் பத்திரப்படுத்துங்கள். தோட்டம் எந்த வட்டாரம் என்று அதிலிருந்து தெரியும்.